பேரும் நட்சத்திரமும்

பருத்தித்துறையிலிருந்து வந்த மினிபஸ்ஸில் நெல்லியடியில் ஏறினேன். எனக்குப் பின்சீட்டில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் சொன்ன ஒரு வசனம் காதில் விழுந்ததும், பஸ்ஸில் அலறிய பாட்டை மனதுக்குள் திட்டத் தொடங்கினேன்.

"என்ரை மகன்ரை பேர் சந்திரனுக்குப் போக வெளிக்கிட்டதெல்லே."

"என்னக்கா கதைக்கிறியள்?"

"உண்மையடி. வெளிநாட்டிலை ஆரோ ஒரு பெரிய பரிசுக்குப் போட்டிபோட்டு விண்கலம் செய்தவை. சனத்திட்டையும் காசு சேர்த்தவை. காசு குடுத்த ஆக்கள் சொல்லுற பேரைத் தகட்டிலை வெட்டி அதிலை கொண்டுபோவினமாம். கனடாவிலை இருக்கிற என்ரை தம்பிதான் காசு கட்டினவன். நான் பேரோடை நட்சத்திரத்தையும் போடச் சொன்னனான்."

"கோயிலிலை அர்ச்சனைக்குச் சொல்லுற மாதிரியோ?"

"ஓம். கடலுக்குப் போனவன் இன்னும் வரேல்லை, அவ்வளவுதானே. உடம்பு கிடைச்சதே? உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு நட்சத்திரம் சொல்லாமல் விடலாமே?"

பஸ் வல்லை வெளிக்கு வந்துவிட்டது. யன்னலால் உப்புக்காற்று அடித்தது.

"பிறகு? போய்ச் சேர்ந்ததோ அக்கா?"

"எங்கை? மேலை ஏறின கையோடை கடலுக்கை விழுந்திட்டுது."

"ஐயோ."

"இன்னொண்டு செய்யினமாம். பழைய பேருகளைக் காசு வாங்காமலே அதிலை போடுவினமாம். முந்தி மாதிரியே போடட்டோ எண்டு தம்பி நேற்று ஃபோன் எடுத்துக் கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பேர் மட்டும் காணும் எண்டனான். நட்சத்திரம் வேண்டாம்."