பாதை மூடும் ஊர்

குளிர்காலத்தில் நாலு நாள் போய்வர நல்ல ஊர் எது என்று யாரைக் கேட்டாலும் கடற்கரை ஊரைத்தான் சொல்வார்கள். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஐயா. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன ஒரே வெளியிடம் மருத்துவமனைதான். அதுவும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு.

நான் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காருகிறவன். எந்த ஊருக்கு எந்த வண்டி, எது தாமதம், எது ரத்து என்று சொல்வது என் வேலை. அதனால் ஊர் பார்க்கும் பொறுப்பை அவள் என் தலையிலேயே கட்டிவிட்டாள். கடற்கரை வேண்டாம், கூட்டம் தாங்காது என்றேன். ஆற்றங்கரை ஊர் ஒன்றைச் சொன்னாள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றேன். கடைசியில் மலைமேல் இருக்கிற அந்தச் சின்ன ஊரைச் சொன்னேன். எங்கள் ஓட்டுநர்கள் அதற்கு மாமியார் வீடு என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். போனால் லேசில் திரும்ப விடாதாம். பனி கொட்டினால் பாதையை மூடிவிடுவார்கள், எப்போது திறப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது. நீங்கள் சிரிக்கலாம். நிஜமான மாமியார் வீட்டுக்கு இப்போதுதானே வந்திருக்கிறேன்.

"இந்த மாசம் அங்க பனி ஜாஸ்தியா இருக்காதா?" என்று கேட்டாள்.

"பனியைப் பார்க்கத்தானே போறோம்" என்றேன்.

அவள் யாரிடமோ கம்பளிக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிவந்து, கண்ணாடி முன்னால் போட்டுப் போட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. புத்தி மட்டும் துளிகூட மழுங்கவில்லை. ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நானும் மனைவியும்தான். வாரக் கடைசியில் தங்கை வருவாள். எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அலுப்பு, அவ்வளவுதான். விடிந்தால் அதே அறை, அதே வாடை, "யாருடா அது?" என்று அதே குரல். மருத்துவர் வேறு, இதயம் நன்றாக இருக்கிறது, இன்னும் பல வருடம் இருப்பார் என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு வீடு வரைக்கும் நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகக் கூடாது. அடுத்த ஓட்டுநரின் கையில் கொடுத்த பிறகுதான் முதல் ஆள் வீட்டுக்குக் கிளம்பலாம். அதையே நானும் தங்கையும் அப்பா விஷயத்தில் வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு ஒரே சாவி. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பொறுப்பில் அப்பா. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அதில் பிசகு வந்ததில்லை.

கிளம்புவதற்கு முன்னால் தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, சாவியை எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"

"வேணாம்மா, நாங்க போகல. நீ உன் வேலையைப் பாரு."

மனைவியிடம், தங்கை நிலையத்துக்கே வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றேன். அப்பாவிடம், சாயங்காலம் தங்கை வந்துவிடுவாள் என்றேன். ஆளுக்கு ஒரு பொய், அதற்குமேல் இல்லை. எங்கள் கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். சாத்தினேன். சாவி என் சட்டைப்பைக்குள் இருந்தது.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்த அன்றே பனி கொட்டிப் பாதையை மூடிவிட்டார்கள். விடுதி ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "நல்ல ஊராத்தான் பார்த்திருக்கீங்க" என்றாள் மனைவி.

அப்பாவின் கைபேசியில் ஒரு பொத்தான்தான் வேலை செய்யும். அழுத்தினால் என்னைக் கூப்பிடும். கண் தெரியாதவரை யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று, வேறு அழைப்பு எதுவும் உள்ளே வராதபடி நான்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். அவர் கூப்பிடும்போதெல்லாம் நான் விடுதி வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன். லீவிலும் அலுவலகம் விடவில்லையா என்று மனைவி கேலி செய்தாள்.

"தங்கச்சி இன்னும் வரலடா. தொண்டை காயுது."

"வந்துட்டே இருக்காப்பா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

விசாரணை ஜன்னலில் இருந்து பேசிப் பேசிப் பழகிய குரல் அது. கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். அப்புறம் ஒரு தடவை, "சுவரைத் தட்டிப் பார்க்கட்டுமா? பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குக் கேக்கும்" என்றார். வேண்டாம் என்றேன். அடுத்தவர் முன்னால் நம் மானத்தை வாங்காதீர்கள், இதோ வந்துவிடுவாள் என்றேன். அவர் தட்டவில்லை. வாழ்நாள் முழுக்க யாரிடமும் கைநீட்டாத மனுஷன். அதை என்னைவிட யார் அறிவார்?

நடுவில் தங்கையும் கூப்பிட்டாள். அப்பா தூங்குகிறார் என்றேன்.

பாதை திறந்து நாங்கள் வந்து சேர்ந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. மனைவி கதவைத் தட்டி, தங்கையைக் கூப்பிட்டாள். மறுபடி தட்டினாள். அவளைத் தட்டவிட்டு நிற்க எனக்குப் பொறுக்கவில்லை. சாவியை எடுத்துத் திறந்தேன். அவள் சாவியைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. அந்தக் கம்பளிக் கோட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்காகச் செய்தேன் என்று அவளுக்கு ஒரு நாள் புரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் ஆமாம். பனிமேல் பழிபோட நான் வரவில்லை. பாதை மூடும் என்று தெரிந்துதான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் சாகட்டும் என்றுதான் கதவைச் சாத்தினேன்.

கடைசியாகப் பேசியபோது அவர் தண்ணீர் கேட்கவில்லை. குரல் எழும்பவில்லை. "அவளைத் திட்டாதடா. பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ" என்றார். சரிப்பா என்றேன். அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. கைபேசியை நான் கையிலேயே வைத்திருந்தேன்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர் கூப்பிட்டு நான் எடுக்காமல் விட்டது ஒரு தடவைகூடக் கிடையாது.