ஒரே லாரியில் இரண்டு வீடு மாற்றிய எங்கள் அக்காவுக்கு

வாசல்தோறும் மணியடித்து, வரவேற்கும்வரை வெளியே நின்று, வாழ்வோர் மனம் வாடாமல் வீடு காட்டிய வித்தகரே! சாவி கையில் இருந்தும் சம்மதம் கேட்டே படியேறிய பண்பின் பெட்டகமே! விற்பவர், வாங்குபவர், குடியிருப்பவர் ஆகிய மூவருக்கும் நடுவே முப்பது ஆண்டுகள் நின்று, மூவர் வாயாலும் ‘எங்க அக்கா’ என்று அழைக்கப்பட்டு, இன்று ஓய்வுபெறும் அரிய விற்பனையாளரே! வணக்கம்.

நேரில் புகழ்ந்தால் ‘வேலை கிடக்குப்பா’ என்று எழுந்து போய்விடுவது தங்கள் வழக்கம். ஆகவே இம்மடலில் தங்களைப் புகழப்போவதில்லை. யாரோ ஓர் அக்காவின் கதையைச் சொல்லப்போகிறோம். கதை முடியும்வரை நாற்காலியை விட்டு எழாமல் இருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

வாடகை வரிச் சட்டம் மாறிய ஆண்டு அது. அதுவரை, கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் கடனுக்கான வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்ச வாடகைக்கு மட்டும் வரி கட்டி வந்தார்கள். புதுச் சட்டம் அந்தக் கழிவை எடுத்துவிட்டது. கடன் வைத்திருந்த சின்ன வீட்டுக்காரர்களுக்குக் கையைக் கடித்தது. ஒருவர் பின் ஒருவராக விற்க வந்தார்கள். விலை கொஞ்சம் இறங்கியது. சொந்த வீடு என்பதை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்த இளம் தம்பதிகள் எங்கள் அலுவலகப் படியேறினார்கள். எங்களுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். விற்பனைப் பலகை அடிக்கக் கொடுத்தே கை ஓய்ந்தது. ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்பதை நினைக்க எங்களுக்கு நேரமில்லை. அக்காவுக்கு இருந்தது.

அப்படி விற்க வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வயதான காலத்துக்கு ஆகும் என்று கடனில் வாங்கிப்போட்ட ஒரே வீடு. அதில் ஒரு தையல்காரம்மாள் கணவரோடும் மகளோடும் நெடுநாளாகக் குடியிருந்தார். காலி செய்யச் சொல்ல ஓட்டுநருக்கு நா எழவில்லை. அந்தப் பாரத்தையும் அக்கா தலையில் இறக்கிவிட்டார். தையல்காரம்மாளுக்கு அந்த வீட்டைத் தானே வாங்க ஆசை. மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் கடன் தர எந்த வங்கியும் முன்வரவில்லை. அக்கம்பக்கத்தில் வாடகை வீடுகள் எல்லாம் விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊரை விட்டு வெகுதூரம் போனால் தையல் கொடுப்பவர்கள் வரமாட்டார்கள். மகளின் பள்ளிக்கூடமும் மாறும். போக ஓர் இடம் வேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலை.

இதில் ஒரு வேடிக்கை. வீடு பார்க்க ஆள் வரும் நாளெல்லாம் தையல்காரம்மாள் விடிந்ததும் தரையைத் துடைத்து, திரைகளை மாற்றி, துணித் துணுக்குகளை அள்ளிக் கட்டிவைத்துவிடுவார். வீடு பளபளவென்று நிற்கும். விற்பனையாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அக்கா அவரைத் தனியே அழைத்துச் சொன்னார்.

“இப்படி வெச்சா வர்றவங்களுக்கு உடனே பிடிச்சுப்போயிடும்மா. உனக்குத்தான் நாள் குறையும்.”

“அதுக்காகக் குப்பையா போட்டு வெக்க முடியுமாக்கா? நான் குடியிருக்கற வீடு இது.”

அக்கா பயந்தபடியே ஆயிற்று. ஒரு நர்ஸ் வந்தார். முதல் பார்வையிலேயே வீடு பிடித்துவிட்டது. மழைக்கு எந்தச் சுவர் ஊறும் என்று அவர் கேட்க, தையல்காரம்மாள் ஒளிக்காமல் காட்டிக்கொடுத்தார். படியிறங்கும்போது நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. இவர்கள் எங்கே போவார்கள் என்றார். அது அவர்கள் பாடு என்று சொல்லிவிடத்தான் எங்களுக்கெல்லாம் பழக்கம். அக்கா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க இப்ப எங்க குடியிருக்கீங்க?”

நர்ஸும் வாடகை வீட்டில்தான் இருந்தார். இரண்டு தெரு தள்ளி, ஒரு கண்ணாடிக் கடைக்காரரின் மாடியில். இவர் இங்கே வந்தால் அது காலியாகும்! அக்காவின் முகம் மலர்ந்தது, மறுநொடியே சுருங்கியது. அந்தக் கண்ணாடிக் கடைப் பெரியவர் அன்று காலையில்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, மாடியையும் விற்றுக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாடியின் படம்கூட அலுவலக முகப்பில் ஒட்டியாகிவிட்டது.

அக்கா நேரே கண்ணாடிக் கடைக்குப் போனார். எல்லாரும் விற்கும்போது தான் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று பெரியவர் பொரிந்தார். வீட்டின் மேல் கடன் உண்டா என்று அக்கா கேட்டார். அது எப்போதோ அடைந்துவிட்டதாம்.

“கடனே இல்லாதவருக்கு வட்டிக் கழிவு போனா என்ன, இருந்தா என்னங்க ஐயா?”

பெரியவர் கல்லாப்பெட்டியை மூடினார். “அப்போ எனக்கு ஏன் பயமா இருக்கு?”

“பக்கத்துக் கடைக்காரர் பயப்படறாரு, அதான்.”

அலுவலகம் திரும்பிய அக்கா, முகப்பில் இருந்த படத்தைத் தம் கையாலேயே கிழித்தெடுத்தார். வந்த விற்பனையைத் தானே கலைத்த விற்பனையாளரை அன்றுதான் கண்டோம். இது வீடு விற்கிற கடையா, விற்காதீர்கள் என்று சொல்கிற கடையா என்று முதலாளி தாண்டிக் குதித்தார். ரெண்டும்தான் என்று சொல்லிவிட்டு அக்கா தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

எல்லாம் தேனாக முடிந்தது என்று சொல்லமாட்டோம். மாடியைத் தையல்காரம்மாளுக்கு விடச் சம்மதித்த பெரியவர் வாடகையைக் கூட்டத்தான் செய்தார். அந்த ஆண்டு எத்தனையோ குடும்பங்கள் ஊருக்கு அப்பால் போயின. அவர்களுக்கு அக்காவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாப்பிடாமல் அவர் டப்பாவை மூடிவைத்ததைப் பார்த்திருக்கிறோம்.

வீடு மாறும் நாளில் ஒரே லாரியைப் பிடித்தார் அக்கா. நர்ஸின் சாமான்கள் கடை வாசலில் இறங்கி நிற்க, தையல்காரம்மாளின் சாமான்கள் மாடியேறின. அதே லாரி நர்ஸின் சாமான்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். தாம் வாழ்ந்த வீட்டைக் கடைசியாக ஒருமுறை பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தபோதுகூடத் தையல்காரம்மாள் கலங்கவில்லை. புது மாடிக்கு வந்து, மெஷினை எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தார். வெளிச்சம் விழும் ஜன்னலுக்குக் கீழே, புத்தம் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட்.

“இது முன்னாடியே இருந்துதாக்கா?”

“இல்லம்மா. நர்ஸம்மா போறதுக்கு முன்னாடி போட்டுவெச்சாங்க. அங்க உன் மெஷின் ஜன்னலோரம் இருந்ததைப் பார்த்தாங்கல்ல.”

தையல்காரம்மாள் அந்தச் சுவரோரமே உட்கார்ந்து, அத்தனை மாதத்து அழுகையையும் அழுது தீர்த்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, ஒரு தப்பும் செய்யாத லாரிக்காரரை நாலு திட்டுத் திட்டினார்.

கதை முடிந்தது, தாங்களும் எழவில்லை. நன்றி!

அன்புசால் அக்கா! படியேறித் தேய்ந்த முழங்கால்கள் வலி மறக்கட்டும். பிறர் கவலையால் இழந்த உறக்கம் இனித் திரும்பட்டும். சுற்றம் சூழ, சுகம் சேர, நூறாண்டும் அதற்கு மேலும் தாங்கள் வாழ வேண்டும். தங்கள் நாற்காலிக்கு நாளை வருபவருக்கு முதலாளி ஒரே ஒரு கட்டளைதான் எழுதி வைத்திருக்கிறார்: வாங்க வரும் ஒவ்வொருவரிடமும், ‘நீங்க இப்ப எங்க குடியிருக்கீங்க?’ என்று முதலில் கேட்க வேண்டும்.

இங்ஙனம்,
பிரிய மனமில்லாத
விற்பனை, வாடகை, கணக்குப் பிரிவு ஊழியர்கள்,
அன்று தாண்டிக் குதித்த முதலாளி