நிற்காத பெட்டி

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை, ஐயா. ஹமீமாவுடன் அந்த விவாதம் மூன்று வாரம் நடந்தபோதும் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டேதான் பேசினோம்.

2008, போர் நடந்துகொண்டிருந்த காலம். அலுவிகாரையில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி எங்கள் வேலைத்தலம். குறைமாதப் பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகள் செய்தோம். பெட்டிக்குள் இருக்கும் சிறிய கணினியின் கர்னலை, அதாவது மற்றெல்லா நிரலையும் ஆளும் அடிப்படை நிரலை, எழுதியது நானும் ஹமீமாவும். அதில் அவர் ஒரு சோதனையை வைத்திருந்தார். நினைவகத்தில் ஓர் எண் தன் இடத்தைத் தாண்டி இன்னொன்றின் மேல் எழுதப்பட்டால், பெட்டி உடனே சூட்டை நிறுத்தி மணியடிக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் பரீட்சார்த்தமாகக் கொடுத்த பெட்டிகள் ஒரே வாரத்தில் மூன்று தடவை நின்றன. எங்கோ பிழை இருந்தது, எங்களுக்கு அகப்படவில்லை. இன்னொரு தடவை நின்றால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். அனுப்பினால் முதலாளி பாறூக் ஹாஜியார் கதவை மூடிவிடுவார்.

"செஞ்சு பார்க்கிறப்பதான் இந்தச் சோதனை ஓடணும். வெளிய குடுக்கிறப்ப எல்லாரும் எடுத்திடுவாங்க," என்றேன்.

"பிழையோட ஓடுறத விட நிக்கிறது நல்லம், நோபர்ட் அண்ணா. நிண்டா நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து புள்ளையத் தூக்குவாங்க."

அவர் சொன்னது சரி. ஆனால் அவருக்கு உக்குவளையில் சொந்த வீடு இருந்தது. எனக்கு இருந்தவன் தம்பி ரபாயேல் மட்டும்; கொழும்புச் சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் தடுப்பு முகாமில் கிடந்தான். அவனைப் பார்க்கப் போகும்போது சோதனைச் சாவடிகளில் என்னைக் காப்பாற்றியது ஹாஜியார் தந்த வேலைக் கடிதம்தான்.

ஹமீமா லீவு போட்ட ஒரு நாளில் சோதனையை எடுத்துவிட்டேன். பெட்டிகள் நிற்கவில்லை. ஹாஜியார் எல்லாருக்கும் வட்டிலாப்பம் கொடுத்தார்.

பத்தாம் நாள் ஒரு பிள்ளை இறந்தது. எடை குறைவு என்றார்கள். பெட்டியின் பதிவை நான்தான் எடுத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடம் வெப்பநிலை ஒரு புள்ளிகூட அசையாமல் முப்பத்தாறரை என்றே இருந்தது. அந்த எண் கெட்டு உறைந்துபோக, உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. பதிவை அழித்தேன்.

"சோதனை ஓடுதுதானே, அண்ணா?" என்று ஹமீமா கேட்டார்.

"ஓடுது," என்றேன்.

அன்றே திரும்பப் போட்டிருக்கலாம். போட்டால் மணி அடிக்கும். இதுவரை ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரிப் பெட்டியில் ஒரு தமிழன் கைவைத்தான் என்றால், அந்தக் காலத்தில் அதைப் பிழை என்று யார் நம்புவார்கள்? ஒன்பது நாள் அந்தப் பிழையைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வார்டுக்குப் போனேன். யட்டவத்தையிலிருந்து வந்திருந்த அழகம்மா பெட்டியருகே நின்றார். உள்ளே அவருடைய மகள், என் உள்ளங்கை அளவு.

"தம்பி, புள்ளைக்குக் குளிராதுல்ல?"

"குளிராதும்மா," என்றேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளை வெந்துபோயிருந்தது.

எழுதும்போது ஒன்றை மட்டும் பிரித்து எழுதுங்கள், ஐயா. அழகம்மாவின் பிள்ளையைக் கொன்றது நான்தான். முதல் பிள்ளைக்கு நான் பொறுப்பில்லை. அப்போது எனக்கு எதுவுமே தெரியாது.