தண்ணி காட்டாத குதிரை

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சீவலப்பேரி ரோட்டில் ஈ காக்கை இருக்காது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கல்லறைத் தோட்டம்... கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு வீடு. கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன், நெருங்கி உட்காருங்கள். பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். தனியாகப் போக முடிந்தால்.

அது என் கூட்டாளி பெர்லினின் தாய்மாமா நேசையாவின் வீடு. தொண்ணூற்றாறில் நடந்தது. மாமாவுக்குப் பாளையங்கோட்டையில் ஸ்டிக்கர் கடை. பைக்குகளுக்கு ரேடியத்தில் நம்பர் வெட்டி ஒட்டுவார். மனைவி இல்லை. ஒரே மகள், ஜெபகனி. இருட்டு என்றால் அந்தப் பிள்ளைக்கு உயிரே போய்விடும்.

அவளுக்காக மாமா ஒரு பிளாஸ்டிக் குதிரைக்குட்டி வாங்கினார். பிடரி மயிரைப் பிடுங்கிவிட்டு நைலான் நூல் வைத்துத் தைத்தார். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த பொடியை வார்னிஷில் குழைத்து உடம்பெல்லாம் பூசினார். கடை ரேடியம் வெளிச்சம் பட்டால் மட்டும்தான் மினுங்கும். இது அப்படியில்லை. விளக்கடியில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும், பிறகு இருட்டில் தானாகப் பச்சையாக ஒளிரும். படுக்கப் போகுமுன் ஜெபகனி ஸ்டூலில் ஏறி, ட்யூப் லைட்டுக்குக் கீழே அதைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். "குதிரைக்குத் தண்ணி காட்டுதேன்ப்பா" என்பாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. இரண்டு மூன்று நாளில் பிள்ளை போய்விட்டது.

பெட்டியை மூடும்போது மாமா குதிரையை அவள் கையில் வைத்தார். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அவசர அவசரமாக அடக்கம். வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டதும்தான் அவருக்கு உறைத்தது. "தண்ணி காட்டாமலே அனுப்பிட்டேனே மருமவனே... பிள்ள இருட்டுல கெடக்குமே" என்று பெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். எனக்கு இந்த இடம்தான் தாங்காது. பேயெல்லாம் அப்புறம்.

அதன்பிறகு தினமும் மாமா லைட்டை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். விடியும்போது ஸ்டூல் லைட்டுக்கு நேர் கீழே கிடக்கும். அதன்மேல் ஈரமண். வீடெல்லாம் வார்னிஷ் வாசனை...

ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தார். சுவிட்ச்... டக். கண்ணைத் திறந்தால் ஆளைக் காணோம். குதிரை மட்டும் ட்யூப் லைட்டுக்குக் கீழே அந்தரத்தில் நின்றது. இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு லைட் அணைந்தது. பச்சை வெளிச்சம் வாசல்வரை போய்... நின்றுவிட்டது.

மாமாவுக்குப் புரிந்தது. வெளியே ரோடெல்லாம் இருட்டு. தனியாகப் போக அவளுக்குப் பயம்.

"வாம்மா, அப்பா கொண்டு விடுதேன்" என்று எழுந்தார்.

அன்று தொடங்கி தினமும் அப்படித்தான். நாகர்கோவிலில் இருந்த பெர்லினின் அம்மா, அண்ணனைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. கையோடு கூட்டிவரச் சொல்லிப் பெர்லினை அனுப்பினாள். அவன் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியபோது மாமா ரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. வலது கை தாழ்ந்து, விரல்கள் மடங்கி... பக்கத்தில் இடுப்புக்குக் கீழே ஒரு பச்சை வெளிச்சம். கல்லறைத் தோட்டத்துக்குள் இரண்டும் போயின. திரும்பி வந்தது மாமா மட்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் லைட்டைப் போட்டார். ஸ்டூலில் ஏறி, வலது கையை லைட்டுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று பெர்லின் கேட்டபோதும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து இறங்கி லைட்டை அணைத்தார்.

இருட்டில் அவருடைய புறங்கையில் சின்னச் சின்ன விரல்களின் தடம் பச்சையாகத் தெரிந்தது.

"கொஞ்ச நேரந்தான் இருக்கும் மருமவனே, மங்கிரும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தார்.

பெர்லின் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். தடம் மங்கவில்லை... அந்த விரல்கள் மெல்ல மடங்கி, மாமாவின் கையை இறுக்கிப் பிடித்தன.