அன்னம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தவள்

அந்த நாற்காலி வேண்டாம் தாரணி, கால் ஆடும். ஜன்னல் பக்கம் உட்கார். தே ஓ கலக்கி வைத்திருக்கிறேன், சர்க்கரை போடவில்லை. ஒத்திகை நாட்களில் நீ தேநீரைச் சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பாய். இந்த மாதிரி விஷயங்கள் எனக்கு மறப்பதில்லை.

உன் நாடகத்தில் நடித்த நஃபீசா ஏதோ சொல்லித்தான் வந்திருக்கிறாய். நாளைக்கு பிடோக்குக்குப் போய் ஷங்கரிடம் பேசப் போகிறாயாம். அவன் அம்மா அன்னம்மாவை முதியோர் இல்லத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வரச் சொல்லப் போகிறாயாம். நல்ல காரியம். அதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அது மரியாதை. சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

நான் உங்கள் நாடக அரங்கத்துக்கு வந்தது, நீ இயக்குநராக வருவதற்கு முன்னால். தேக்காவில் அந்தக் கடைவீடு பூட்டிக் கிடந்தபோது மாடியில் புறா எச்சத்தைச் சுரண்டிக் கழுவியவர்களில் நானும் ஒருத்தி. அதன் பிறகு வந்த எல்லா நாடக விழாவிலும் அந்த அரக்கு டீ-சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். டிக்கெட் கிழித்தேன். கைபேசியை அணைக்கச் சொல்லித் திட்டு வாங்கினேன். நடிகைகளுக்கு மடிப்பு வைத்து ஊக்குக் குத்தினேன். கடைசி நாள் மேடையில் நிற்பவர்களுக்கு மாலை விழும். எங்களுக்கு, “பின்னால் நிற்கும் நம் தொண்டூழியர்களுக்கும் ஒரு கைதட்டல்” என்று ஒரு வாக்கியம். கூட்டம் தலையைத் திருப்புவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கதையைக் கேட்டாலும் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதுதான் நிற்கும். மலையும் மழையும் நிலாவும் வந்த வழியே போய்விடும். கதவிடுக்கில் நின்று கேட்டே எல்லா நாடகமும் எனக்குப் பாடம். அது தெரிந்துதான் நீ என்னைத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்தாய், மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்க. “உங்களை விட்டா ஆள் இல்ல லா ஆன்ட்டி” என்றாய். “நீங்க நடிக்கிறீங்களா” என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்னம்மாவைக் கூட்டி வந்தது நான்தான், அது உனக்கே தெரியும். இதே தளத்தில் மூன்று கதவு தள்ளி அவள் வீடு. புருஷன் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சுவரைப் பார்த்தது போதும், வந்து என்னோடு டிக்கெட் கிழி என்றேன்.

“டிக்கெட் கிழிச்சா அவர் வந்துடுவாரா?” என்றாள்.

“வந்தா அவருக்கும் டிக்கெட் கேப்பேன். வாடி.”

சிரித்தாள். எனக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று கூட்டி வந்தேன். எனக்குத் துணையாக.

வந்த வாரமே ஒரு நடிகை ஒத்திகைக்கு வரவில்லை. அந்த இடத்தில் நின்று வாசிக்கச் சொல்லி நீ அன்னத்தைக் கூப்பிட்டாய். அவள் படித்தது ஆங்கிலப் பள்ளி, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக அவள் காதில் சொன்னேன், அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். நான் சொன்ன வரிகள்தான். உன் கண் கலங்கியது. ஆனால் நீ அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கே அக்கா வேஷம் அவளுக்கு என்று சொல்லிவிட்டாய். நஃபீசா தங்கை. நான் பழையபடி ஸ்டூலில்.

காதால் கேட்டால்தான் அவளுக்கு மனத்தில் நிற்கும் என்பதால் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலையும் எனக்கு வந்தது. மத்தியானங்களில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில் உட்காருவோம். நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். முதலில் எல்லாம் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மத்தியானம் வாழைப்பழப் பலகாரத்தைத் தின்றுகொண்டே சொன்னாள்: “சுசீ, எனக்கு நடிப்பு பொறவியிலேயே இருக்காம். தாரணி சொல்லுச்சு.”

பிறவியிலேயே.

அன்றைக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன்.

அடுத்த ஒத்திகையில் நீ நிறுத்தினாய். “ஆன்ட்டி, இது ஸ்கிரிப்ட்ல இல்லையே” என்றாய். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீ இப்படித்தானே சுசீ சொன்னே?”

“இல்லையே அன்னம். நேத்துச் சரியாச் சொன்னியே, மறந்துட்டியா?”

மெதுவாகத்தான் கேட்டேன். அதட்டவில்லை. எல்லாரும் அவளைப் பாவமாகவும் என்னை மரியாதையாகவும் பார்த்தார்கள். இவ்வளவு பொறுமையா இந்த அம்மாவுக்கு என்கிற மாதிரி. அந்த அரங்கத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நஃபீசா ஒருநாள் எங்கள் புளோக் பக்கம் வந்தபோது அவள் காதில் விழுந்ததாமே, அதுவும் உண்மை. மூன்றாம் காட்சியில் அக்கா தங்கையிடம் கேட்கிற வசனம். “கேட்டதெல்லாம் கொடுத்தேன். கேட்காததையும் ஏன் எடுத்துக்கிட்டே?” அதை நான் அன்னத்துக்கு, “கேட்டதைத்தானே எடுத்தே, போகட்டும் விடு” என்று சொல்லிக் கொடுத்தேன். நஃபீசா அதைப் பழைய பிரதி என்று நினைத்துப் போய்விட்டாள். நல்ல பெண், சந்தேகப்படத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் என் வசனம்தான் நன்றாக இருந்தது. அதில் மன்னிப்பு இருந்தது.

மேடையோடு விட்டிருக்கலாம் என்று நினைக்கிறாய், முகத்தில் தெரிகிறது. ஆனால் மேடையில் மட்டும் மறக்கிறவளை யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள் தாரணி. பயிற்சி போதாது என்பார்கள். கூடக் கொஞ்சம் பயிற்சி கொடுப்பார்கள்.

அவள் வீட்டு மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. மூக்குக் கண்ணாடியை அரிசி டின்னுக்குள் வைத்தேன். மாலையில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அவள் துணி எடுக்கப் போகும்போது ஊதி அணைத்துவிட்டு, ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று கேட்டேன். முதலில் என்னோடு வாதாடினாள். பிறகு வாதாடுவதை விட்டுவிட்டாள். பிறகு அவளே என்னைக் கேட்க ஆரம்பித்தாள். “சுசீ, நான் விளக்கு ஏத்திட்டேனா? மாத்திரை போட்டேனா?” நான் சொல்வேன். நம்புவாள்.

ஷங்கருக்கு ஃபோன் போட்டதும் நான்தான். டாக்டரிடம் கூடப் போனதும் நான்தான், அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டர் கிழமை கேட்டார், பிரதமர் பெயர் கேட்டார், மூன்று சாமான் பெயர் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பயம், தப்பாகிவிடுமோ என்று. நான் வாயே திறக்கவில்லை. டாக்டர் அவள் திரும்பிப் பார்ப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றார்.

அப்புறம்தான் நீ வந்தாய், அன்னத்தை இனி மேடையேற்ற முடியாது, விழாவுக்குப் பத்து நாள்கூட இல்லை என்று கையைப் பிசைந்துகொண்டு. “ஆன்ட்டி, உங்களுக்குத்தான் எல்லா வசனமும் தெரியும்” என்றாய். தெரியும் என்றேன்.

எனக்கு எடுத்துக் கொடுக்க ஸ்டூலில் யாரையும் உட்கார வைக்கவில்லை நீ. உங்களுக்கு எதற்கு என்று சிரித்தாய்.

அன்னத்துக்கும் ஷங்கருக்கும் இரண்டாம் வரிசையில் நானே இடம் பிடித்து வைத்திருந்தேன். அவள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்றாம் காட்சியில் நஃபீசா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு வரவில்லை. இருட்டில் அத்தனை முகம். மற்றவர்கள் வசனமெல்லாம் நினைவில் இருக்கிறது, என்னுடையது மட்டும் இல்லை. திரைப் பக்கம் பார்த்தேன். ஸ்டூல் காலி.

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து அவள் சொன்னாள். எழுந்து நிற்கவில்லை, கத்தவில்லை. “கேட்டதெல்லாம் கொடுத்தேன். கேட்காததையும் ஏன் எடுத்துக்கிட்டே?”

ஒரு சொல் பிசகவில்லை. நான் கற்றுக் கொடுத்த தப்பும் அவளுக்குத் தெரிந்திருந்தது, நீ திருத்திய சரியும் தெரிந்திருந்தது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தாள். கூட்டம் அதை நாடகத்திலேயே ஒரு உத்தி என்று நினைத்துக் கை தட்டியது. அந்த விழாவில் எங்கள் நாடகத்துக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். எனக்கு இல்லை.

நாடகம் முடிந்ததும் ஷங்கர் ஓடி வந்தான், முகமெல்லாம் வெளிச்சமாக. “ஆன்ட்டி, அம்மாவுக்கு ஞாபகம் இருக்கு. அப்படியே சொல்றாங்க. டாக்டர்கிட்ட திரும்பப் போலாமா?”

அவன் பின்னால் அன்னம் நின்றாள், என்னையே பார்த்துக்கொண்டு. அவள் கண்ணில் கோபம் இல்லை. நான் நன்றாகச் செய்தேனா என்று கேட்கிற பார்வை.

நான் அவன் தோளைத் தொட்டேன். “ஞாபகம் இல்லப்பா. தான் இன்னும் மேடையில இருக்கோம்னு நினைச்சுக்கிட்டா. எங்க இருக்கோம்னே தெரியல. இது அடுத்த கட்டம்.”

அவன் முகத்தில் வெளிச்சம் அணைந்ததைப் பார்த்தேன். ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதான், பாவம். அந்த மாதமே இல்லத்தில் சேர்த்துவிட்டான்.

இப்போது அவள் அதிகம் பேசுவதில்லை என்று அங்கே வேலை செய்கிற பெண் சொல்கிறாள். பசிக்கிறதா என்று கேட்டால்கூடச் சுற்றும்முற்றும் பார்க்கிறாளாம். நான் வியாழக்கிழமைதோறும் போகிறேன். அவளுக்குப் பிடித்த பலகாரம் வாங்கிப் போகிறேன். ஷங்கர் மாதம் ஒருமுறை வருகிறான். நீ ஒரு தடவைகூடப் போனதில்லை தாரணி. பிறவியிலேயே இருக்கிறது என்று சொன்னவள் நீ.

தே ஓ ஆறிவிட்டது, சூடு பண்ணித் தரட்டுமா?

ஷங்கரிடம் சொல். நான் தடுக்கவில்லை. அவன் முதலில் நம்ப மாட்டான், அம்மாவையே கேட்டுவிடலாம் என்பான். கேளுங்கள். சுசீலா உங்களுக்குத் தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தாளா என்று நேராகவே கேளுங்கள். வியாழக்கிழமையாகப் பார்த்து வாருங்கள், நானும் இருப்பேன். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். முதலில் திரும்பி என் வாயைப் பார்ப்பாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

எடுத்துக் கொடுப்பேன்.