ஏழாவது கண்ணி

உடைந்த சாமான் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் அதை ஒருதடவை என் கண் முன்னால் பொருத்திக் காட்டுவார்கள். பஸ் ஸ்பிரிங் பட்டையோ, அரிசி மில் தண்டோ, காற்றாலை போல்ட்டோ, இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, "இங்கனதான் மேடம் போச்சு" என்பார்கள். அப்படிச் செய்யக் கூடாது. உடைந்த முகங்கள் உரசினால், ஏன் உடைந்தது என்று அதில் எழுதியிருப்பது அழிந்துபோகும். மேலகரத்தில் பதினோரு வருஷமாக உலோகப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். வாசலில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியும் ஒருவர் கேட்டதில்லை. நேற்று நீங்களும் அந்தச் சங்கிலிக் கண்ணியைப் பையிலிருந்து எடுத்ததும் பொருத்தித்தான் காட்டினீர்கள், இன்ஸ்பெக்டர் நிலோபர் மேடம். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த முகத்தை நான் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

செங்கோட்டை ரோட்டில் அய்யாக்குட்டி அண்ணாச்சியின் மர டிப்போவில், ஆயுத பூஜையன்று காலை கிரேன் சங்கிலி ஏன் அறுந்தது, இரண்டு பேர் ஏன் செத்தார்கள் என்று நிபுணர் அறிக்கை கேட்டிருக்கிறீர்கள். இதுதான் அந்த அறிக்கை. ஒவ்வொரு பக்கத்திலும் பொன்செல்வி என்று முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு முந்தின நாள் கிரேன் சங்கிலியை ஆசிட்டில் ஊறப்போட்டு வெள்ளி மாதிரி பளபளக்கவைப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, இருப்பதிலேயே கனமான தேக்குத் தடிக்கு, அதாவது அறுக்காத முழு மரத்துக்கு, சந்தனம் பூசி மாலை போட்டு, அந்தச் சங்கிலியில் தூக்கி, மறுநாள் பூஜைவரை அப்படியே தொங்கவிடுவார்கள். உழைக்கிற சங்கிலி சாமிக்கு முன்னால் சும்மா நிற்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் அப்பா காலத்து ஏற்பாடு. காலையில் தீபாராதனை முடிந்ததும் தடிக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, தடியை மெல்ல இறக்கி நசுக்குவார்கள். பழம் ஒரே நசுக்கில் நசுங்கினால் வருஷம் முழுக்க வியாபாரம் ஓடும்.

இதைவிடப் பொருத்தமாக ஒரு சங்கிலியைக் கொல்ல எனக்கே யோசனை சொல்லத் தெரியாது. ஆசிட்டில் கிடக்கும் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துகொள்ளும். மெத்தென்ற சாதாரண எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். கெட்டியான உயர்ரக எஃகு பொறுக்காது. நாலு நிமிஷம் பாரம் தூக்கி இறக்கினால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் பாரத்தோடு தொங்கினால் உள்ளே மயிரிழை விரிசல் விட்டு, ஒரு நொடியில் விட்டுப்போகும். அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்போது புதிதாக வாங்கிய உயர்ரகச் சங்கிலி, வருஷம் முழுக்க உழைத்துவிட்டுப் பூஜையன்று அறுந்தது.

முதலில் அதைச் சொல்கிறேன். அன்று பழம் வைக்கக் குனிந்தவன் ரத்தினம், டிப்போவின் கூலியாள். தடி அவன் இடுப்பில் விழுந்தது. சங்கிலியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்; நான் போனபோது தடியைப் புரட்டியிருந்தார்கள். மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே ஆளுடையவை என்று நம்புவது கஷ்டமாக இருந்தது. ரத்தத்தில் ஆசிட் வாடை இருந்ததாக எனக்குத் தோன்றியது. அது வெறும் தோற்றம்தான், அன்றைய அறிக்கையில் எழுதவில்லை. அறுந்த கண்ணியை ஆராய்ந்து, ஆசிட்தான் காரணம் என்று பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். டிப்போ ஆட்கள் எல்லோருக்கும் நடுவில் அண்ணாச்சி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ தாயி, சாமிக்குன்னு கழுவுன சங்கிலி ஆள அறுக்குமா? அந்தப் பய குடிச்சிட்டு வந்து சங்கிலிய இழுத்திருக்கான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினம் குடிகாரன் என்று ஊரில் முடிவாயிற்று. நான் 'ஆசிட் மேடம்' ஆனேன். இலஞ்சியில் ஸ்கூல் வேன் ஸ்டியரிங் கம்பி உடைந்தால்கூட திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தினத்தின் மனைவி உலகம்மை மட்டும் என்னைத் தேடி வந்தாள். அதே டிப்போவில் மரத்தூள் கூட்டும் வேலை பார்த்தாள், வேறு வழியில்லை.

"யக்கா, நீங்க சொன்னதுதான் நெசம். அவுக குடிக்கவே மாட்டாவ. என்னைக்காவது இத எல்லாருக்கும் காட்டிக் குடுங்கக்கா" என்றாள். காட்டிக் கொடுக்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் அந்த வாக்குக்காகத்தான்.

சாவு விழுந்த இடமென்று இரண்டு வருஷம் பூஜை நடக்கவில்லை. இந்த வருஷம் மறுபடி நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அண்ணாச்சி புதுச் சங்கிலி வாங்கினார். கேள்விப்பட்டதும் போய்ப் பார்த்தேன். தடிமனான சாதாரண எஃகு. அதை ஆசிட்டில் குளிப்பாட்டி நூறு வருஷம் தொங்கவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பூஜை நடக்கும், பழம் நசுங்கும், 'பாத்தியா, ஆசிட் மேடம் சொன்னது பொய்' என்பார்கள். என் வயிறு எரிந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படித்தான் எரிந்தது.

பிறகு அதிகாரிகள் சங்கிலிக்குச் சான்றிதழ் கேட்டார்கள். பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அண்ணாச்சியே சங்கிலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்பது நாள் என்னிடம் இருந்தது. உலையில் கரித்தூளில் புதைத்துப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, லேசாக மட்டும் சூடு காட்டி எடுத்தேன். கண்ணாடி போலக் கெட்டியாயிற்று. சொன்ன பாரத்தைப்போல இரண்டு மடங்கு ஏற்றிச் சோதித்தேன், தாங்கியது. சான்றிதழில் அதைத்தான் எழுதினேன். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது, நீங்கள் சரிபார்க்கலாம்.

சங்கிலி நீளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நுனியில் ஆறு கண்ணிகளை வெட்டி எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஆசிட்டில் போட்டு, தடியின் எடைக்குச் சமமான பாரத்தில் மாட்டி, நேரம் குறித்தேன். பதினாலு மணி நேரத்துக்கும் பதினேழு மணி நேரத்துக்கும் இடையில் ஆறும் அறுந்தன. சாயங்காலம் ஆறுக்குத் தொங்கவிட்டால் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள். பூஜைக்கு நல்ல நேரம் ஒன்பதரை. இன்னொன்றையும் கவனித்தேன். அறுவதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடி முன்னால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், நகம் வெட்டுவது போல. ஆறிலும் வந்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் நான் செய்த வேலைகளில் இவ்வளவு சுத்தமாக அமைந்தது வேறில்லை.

நீங்கள் கொண்டுவந்தது ஏழாவது கண்ணி.

பூஜையன்று லேசாகச் சாரல் அடித்தது. வழக்கம்போல முந்தின சாயங்காலம் ஆறு மணிக்கே தடியைத் தொங்கவிட்டிருந்தார்கள். கேட் பக்கத்தில் நின்று, செல்போனை ஸ்டாண்டில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தீபாராதனை முடிந்ததும் அண்ணாச்சி கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். நான் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தார். கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற உலகம்மையை முன்னால் வரச் சொல்லி, தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். புருஷன் இல்லாதவள் பூஜைப் பழத்தைத் தொடுவதா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

"யாரும் வாயத் தொறக்கப்பிடாது" என்றார் அண்ணாச்சி. "ரத்தினம் மேல ஒரு தப்பும் கெடையாது. அன்னைக்கு நாந்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அந்தா நிக்கால்லா, பொன்செல்வி, அவ சொன்னதுதான் சரி. இந்த வருசம் சங்கிலில சொட்டு ஆசிட் படல. சந்தனம் மட்டுந்தான். ஏட்டி உலகம்மை, பழத்த நீ வையி."

உலகம்மை அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு தடிக்கு அடியில் போய்க் குனிந்தாள். அப்போதுதான் 'டிக்' கேட்டது. கூட்டத்தில் வேறு யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது. பன்னிரண்டு விநாடியில் ஒரு ஆளின் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம், அவள் நிமிர்ந்து நாலு எட்டு நடந்தும் வரலாம். நான் செல்போன் ஸ்டாண்ட் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

தடி அவள் முதுகில் இறங்கியது. ஒரு சத்தம்கூட அவளால் போட முடியவில்லை. அண்ணாச்சி அவளை இழுக்கக் கை நீட்டியிருக்க வேண்டும்; தடி உருண்டு அவர் நெஞ்சோடு அமுக்கிவிட்டது. அறுந்த சங்கிலி சுழன்று போய் கிரேன் ஓட்டுகிற ஹுஸைஃபாவின் கீழ்த்தாடையைப் பெயர்த்தது. அண்ணாச்சி சாக இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் வாயில் ரத்தம் நுரைக்க, "ஆசிட் போடலயே, ஆசிட் போடலயே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உங்கள் ஆட்கள் டிப்போ முழுக்கத் தேடியும் ஆசிட் டப்பா கிடைக்கவில்லை என்று மகஜரில் எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. முந்தின நாள் மத்தியானம் சங்கிலியை வாங்க வந்தபோதே அண்ணாச்சி என்னிடம் சொல்லிவிட்டார்.

"தாயி, இனிமே ஆசிட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். நீ சொன்னதக் கேக்கேன், போதுமா?"

சந்தோஷம் அண்ணாச்சி என்றேன். இன்னும் கொஞ்சம் துடைத்து எண்ணெய் போட வேண்டியிருக்கிறது, நாலு மணிக்கு ஆள் அனுப்புங்கள் என்றேன். அவர் படி இறங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் ஆசிட் ஊற்றி, சங்கிலியை நானே முக்கினேன். இரண்டரை மணி நேரம். பிறகு நன்றாகக் கழுவி, பளபளப்பு தெரியாமல் இருக்கக் கரி கலந்த எண்ணெய் தடவினேன். தொட்டி என் கூடத்தின் பின்கட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டாரே, பிறகு ஏன் என்று கேட்பீர்கள். கேட்டதால் ஒன்றும் அறாது. ஒன்றும் அறாவிட்டால், நான் சொன்னது சரி என்று யாருக்கு எப்படித் தெரியும்? பெரியவர் ஏதோ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தார் என்று போயிருக்கும். இப்போது அப்படி இல்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு டிப்போவிலும் இனி சங்கிலியை ஆசிட்டில் போட மாட்டார்கள். எத்தனை உயிர் மிச்சம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அண்ணாச்சிக்கு இது விளங்காது. உலகம்மை இருந்திருந்தால் விளங்கியிருக்கும். என்னை முதலிலிருந்தே நம்பியவள் அவள் ஒருத்திதான்.