இரண்டு பிரிஜ் உள்ள வீடு

ஆரையம்பதியில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்த இரண்டு பெண்களின் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டவை:

1. வறிய குடும்பங்களுக்கான அரச மருத்துவக் காப்புறுதிக்கு ராணி, சாந்தி இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள்.

2. வீடு பார்க்க உத்தியோகத்தர் வருகிறார் என்று கேள்விப்பட்ட சாந்தி, தன் பிரிஜ்ஜைப் பக்கத்து வீட்டு ராணியின் குசினிக்குள் ஒளித்துவைத்தார்.

3. வந்தவருக்குச் சாந்தி ஐஸ் போட்டுச் சர்பத் கொடுத்தார்.

"வெயிலுக்குள்ள வந்த மனிசனுக்குச் சும்மா தண்ணியா அக்கா குடுக்கிற?" என்றார் சாந்தி.

"ஐஸ் எங்கால எண்டு கேட்டவர்தானே?"

"உங்கட வீட்ட எண்டன். அது பொய்யில்லையே."

"மறுகா என்ட குசினிக்கு வந்து, ரெண்டு பிரிஜ் எண்டு எழுதி என்ட பேர வெட்டிட்டார். என்ட புருசன்ட கண் ஒப்பரேசனுக்கு லென்ஸ் வாங்க நான் எங்க புள்ள போற?"

"ரெண்டு பிரிஜ்ஜும் பழுது எண்டு எழுதுவம்."

"அப்ப அவர் குடிச்ச ஐஸ் வாவியில மிதந்து வந்ததா?"

சாந்தி சிரித்துவிட்டார். ராணி சிரிக்கவில்லை.

"ஒரு பிரிஜ் இருந்தாக் குடுப்பாங்களாம், புள்ள. ரெண்டுக்குத்தான் வெட்டு."

"ஐயோ! அப்ப நான் ஏன் அதக் காவினன்?"

"அதத்தான் இண்டைக்கு நீ அங்க வந்து சொல்லப்போறாய்."

"பிரிஜ் இல்லை எண்டு கையொப்பம் வச்சிட்டனே அக்கா."

பிரதேச செயலகத்தடியில் இருவரும் இறங்கினார்கள். சாந்தியின் பெயர் பட்டியலில் இருக்கிறது. ராணியின் பெயர் இல்லை. இரண்டு பிரிஜ்ஜும் ராணியின் குசினியில் இருக்கின்றன.